கொழுப்பு குறைந்தால் சர்க்கரை ஏறுமா? மரபணுக்கள் சொல்லும் சாட்சியம்

நெதர்லாந்தில் ஒருவருக்குப் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் இருப்பது தெரிந்தால், அவரோடு விஷயம் முடிவதில்லை. அண்ணன், தங்கை, பெற்றோர், பிள்ளைகள், ஒன்றுவிட்ட உறவுகள் என்று குடும்பத்தையே தேடிப்பிடித்து மரபணுச் சோதனை செய்யும் தேசியத் திட்டம் ஒன்று அங்கே 1994-இல் தொடங்கியது. இருபது ஆண்டுகளில் 63,320 பேர் சோதிக்கப்பட்டார்கள். அவர்களில் 25,137 பேரிடம் நோய்க்குரிய மரபுத் திரிபு இருந்தது. 38,183 உறவினர்களிடம் இல்லை. பிறந்த நாள் முதல் இரத்தத்தில் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் மிகுந்திருப்பவர்கள் ஒரு பக்கம். அதே குடும்பத்தில் பிறந்து, ஏறத்தாழ அதே பழக்கவழக்கங்களோடு வாழ்ந்து, கொலஸ்ட்ரால் மட்டும் இயல்பாக இருப்பவர்கள் மறுபக்கம்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு இரண்டாம் வகை நீரிழிவு அதிகம் என்று ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களில் 1.75 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இயல்பான உறவினர்களில் 2.93 விழுக்காட்டினருக்கு. கெட்ட கொழுப்பு என்று நாம் அஞ்சுகிற ஒன்றைச் சுமந்து திரிபவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவு! 2015-இல் இந்த முடிவு வெளியானபோது எழுந்த முதல் ஐயம் நியாயமானது: இதய நோய்க்கு அஞ்சி அவர்கள் உணவில் கட்டுப்பாடாக இருந்திருக்கலாம் அல்லவா? ஆனால் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. மரபுத் திரிபு எவ்வளவு கடுமையோ, நீரிழிவு அந்த அளவுக்குக் குறைந்திருந்தது. உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் காரணமாகச் சொல்லி இந்தப் படிவரிசையை விளக்குவது கடினம்.

கொழுப்பும் சர்க்கரையும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும் என்பது நம் பொதுப்புத்தி. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இரண்டும் அடுத்தடுத்துத்தான் வருகின்றன. மருத்துவரும் இரண்டையும் சேர்த்தே எச்சரிக்கிறார். அந்த உறவு எவ்வளவு உண்மை, எங்கே அது பிசகுகிறது என்பதைக் கடந்த இருபது ஆண்டு மரபணு ஆய்வுகள் ஓரளவு துலக்கியிருக்கின்றன.

எது முன், எது பின்?

நீரிழிவு வருகிறவர்களின் இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட கோலம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது: ட்ரைகிளிசரைடு கூடுதல், நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைவு. நீரிழிவு கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இது தெரியத் தொடங்கிவிடும். அதனால் இந்தக் கொழுப்புதான் நீரிழிவைக் கொண்டுவருகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எதிர்த்திசையிலும் இதை விளக்கலாம். இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது, கொழுப்புத் திசு தன் சேமிப்பிலிருந்து கொழுப்பு அமிலங்களை அடக்கமில்லாமல் அவிழ்த்துவிடுகிறது. கல்லீரல் அவற்றை வாங்கி, ட்ரைகிளிசரைடு நிறைந்த துகள்களாகக் கட்டி இரத்தத்தில் அனுப்புகிறது. அந்தத் துகள்கள் பெருகும்போது எச்.டி.எல். தேய்கிறது. இப்படிப் பார்த்தால் கொழுப்பின் கோளாறு நீரிழிவுக்குக் காரணம் ஆகாது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வருபவை.

ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கணக்கெடுத்தாலும் இந்தச் சிக்கல் தீராது. தீர்க்க ஒரு வழியை 1986-இல் மார்ட்டின் கட்டான் என்ற டச்சு ஆய்வாளர் ‘லான்செட்’ இதழுக்கு எழுதிய சிறு கடிதத்தில் முன்வைத்தார். குறைந்த கொலஸ்ட்ரால் புற்றுநோயை வரவழைக்கிறதா என்பது அன்றைய சர்ச்சை. கட்டான் சொன்னது இதுதான்: சிலருக்குப் பிறப்பிலேயே கொலஸ்ட்ராலைக் குறைத்து வைக்கும் ஏ.பி.ஓ.இ. மரபணு வடிவம் இருக்கிறது. குறைந்த கொலஸ்ட்ரால்தான் புற்றுநோய்க்குக் காரணம் என்றால், அந்த வடிவம் புற்றுநோயாளிகளிடம் அதிகமாகக் காணப்பட வேண்டும். நோய் வந்து மரபணுவை மாற்றிவிட முடியாது. ஆகவே முன்பின் குழப்பத்துக்கு இடமில்லை. 2003-இல் ஜார்ஜ் டேவி ஸ்மித்தும் ஷா இப்ராகிமும் இந்த எண்ணத்தை முழுமையான ஆய்வுமுறையாக வளர்த்தார்கள். பெற்றோரிடமிருந்து எந்த வடிவம் பிள்ளைக்கு வரும் என்பது தற்செயல். மருந்துச் சோதனையில் ஆட்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிப்பதை இயற்கை கருவிலேயே செய்துவிடுகிறது.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆராயும் மரபணு, கொழுப்பை மாற்றுவதோடு வேறு வழியிலும் நோயைப் பாதித்தால் கணக்கு தவறிவிடும். கொழுப்பு விஷயத்தில் அப்படிப் பல வேலை செய்யும் மரபணுக்கள் ஏராளம். ஆனால் அவை கணக்கைக் கெடுக்கிற இடங்களில்தான் உடலின் உள்வழிகளும் வெளிப்படுகின்றன.

மாத்திரையும் மரபணுவும்

ஸ்டாடின் மாத்திரைகள் நீரிழிவைக் கூட்டக்கூடும் என்ற செய்தி 2008-இல் வெளிவந்த ஜூப்பிட்டர் ஆய்வில் பளிச்சென்று தெரிந்தது. 17,802 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையில் ரோசுவாஸ்டாடின் எடுத்தவர்களில் 270 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 216 பேருக்கும் புதிதாக நீரிழிவு பதிவானது. 2010-இல் 13 சோதனைகளை, 91,140 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது கூடுதல் வாய்ப்பு 9 விழுக்காடு என்று தெரிந்தது. அதாவது 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாடின் எடுத்தால், கூடுதலாக ஒருவருக்கு நீரிழிவு வரும். எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்தால் அதே 255 பேரில் 5-க்கும் மேற்பட்ட மாரடைப்புகளும் இதய மரணங்களும் தவிர்க்கப்படும் என்பதையும் அதே ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஸ்டாடின்களின் குறிப்பேட்டில் சர்க்கரை உயர்வு பற்றிய வாசகத்தைச் சேர்த்தது.

இது அந்த மாத்திரைக்கே உரிய பக்கவிளைவா, ஸ்டாடின் தடுக்கும் நொதியைத் தடுத்தாலே இப்படித்தான் ஆகுமா என்ற கேள்வி மிஞ்சியது. கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியை முடுக்கும் அந்த நொதியை உருவாக்குவது எச்.எம்.ஜி.சி.ஆர். மரபணு. அதில் ஓர் இயல்பான மாறுபாடு இருப்பவர்களுக்கு நொதி சற்றே மந்தமாக வேலை செய்யும். வாழ்நாள் முழுதும் மிகச் சிறிய அளவு ஸ்டாடின் எடுப்பதற்கு ஈடான நிலை அது. 2,20,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்த குழு 2015-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை அச்சிட்டது. அந்த மாறுபாட்டின் ஒவ்வொரு பிரதியும் எல்.டி.எல்.-ஐ ஏறத்தாழ 2 மில்லிகிராம் குறைத்தது. உடல் எடையைச் சராசரியாக 300 கிராம் கூட்டியது. நீரிழிவு வாய்ப்பையும் சிறிதளவு உயர்த்தியது. ஸ்டாடின் சோதனைகளில் காணப்பட்டதும் இதே திசைதான். மாத்திரையின் வேறு ஏதோ வேதியியல் குணத்தின் மீது மட்டும் பழி போட இனி இடமில்லை.

பழி அந்த ஒரு நொதியோடும் நிற்கவில்லை. குடலில் கொலஸ்ட்ராலை உறிஞ்சும் புரதம், எசெட்டிமைப் மருந்தின் இலக்கு. அதை மந்தமாக்கும் மாறுபாடுகளும், எல்.டி.எல்.-ஐ உயிரணுவுக்குள் இழுக்கும் ஏற்பிகளை அழிக்கும் பி.சி.எஸ்.கே.9 மரபணுவை மந்தமாக்கும் மாறுபாடுகளும் நீரிழிவு வாய்ப்பைக் கூட்டுவதாகவே 2016, 2017 ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின. எனினும் பி.சி.எஸ்.கே.9-ஐத் தடுக்கும் ஊசி மருந்தை 27,564 பேரிடம் சோதித்த ஃபூரியர் ஆய்வில் நீரிழிவு கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அந்த ஆய்வு ஓடியது சராசரியாக இரண்டே கால் ஆண்டு. மரபணு வேலை செய்வதோ வாழ்நாள் முழுதும். இரண்டின் விடைகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

பொதுவாக ஒரு விளக்கம் முன்வைக்கப்படுகிறது. இந்த வழிகள் எல்லாம் கடைசியில் உயிரணுக்களின் எல்.டி.எல். ஏற்பிகளைப் பெருக்குகின்றன. இரத்தத்திலிருந்து வெளியேறும் கொலஸ்ட்ரால் மறைந்துபோவதில்லை. எங்கோ உள்ளே செல்கிறது. இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களுக்குள் அது மிகுந்தால் சுரப்பு தளரும் என்பதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. நெதர்லாந்துக் குடும்பங்களில் நடந்தது இதன் மறுதலை: ஏற்பி பழுதானதால் கொலஸ்ட்ரால் உள்ளே போக வழியில்லை, இரத்தக்குழாய் அடிபட்டது, கணையம் தப்பியது. மனிதரில் இந்த விளக்கம் இன்னும் முழுதாக நிறுவப்படவில்லை என்றாலும், இதுவரை கிடைத்த சான்றுகளோடு பொருந்துகிறது.

எண் குறைந்தது, நோய் குறையவில்லை

ட்ரைகிளிசரைடு விஷயம் இன்னும் விசித்திரமானது. நீரிழிவோடு நெருக்கமாகக் கைகோத்து நடப்பது இதுதான். ஆனால் ட்ரைகிளிசரைடை உயர்த்தும் மரபு மாறுபாடுகளைத் தொகுத்து 2011-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பார்த்தபோது, அவற்றைச் சுமப்பவர்களுக்கு நீரிழிவு கூடியிருக்கவில்லை. தனித்தனி மரபணுக்களைப் பார்த்தால் காரணம் புரிகிறது.

ஜி.சி.கே.ஆர். மரபணுவின் ஒரு வடிவம், குளுக்கோஸை வாங்கிக் கையாளும் கல்லீரலின் வேகத்தைக் கூட்டுகிறது. இரத்தச் சர்க்கரை இறங்குகிறது. கல்லீரலுக்குள் போன குளுக்கோஸ் கொழுப்பாக மாறுவதால் ட்ரைகிளிசரைடு ஏறுகிறது. அறிக்கையில் கொழுப்பு அதிகம். நீரிழிவு வாய்ப்போ குறைவு. டி.எம்.6.எஸ்.எஃப்.2 மரபணுவின் திரிபு இதற்கு நேரெதிர். கல்லீரல் தன்னிடம் சேர்ந்த கொழுப்பை வெளியே அனுப்ப அது முட்டுக்கட்டை போடுகிறது. இரத்தத்தில் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் குறைகின்றன. இதய நோய் வாய்ப்பும் குறைகிறது. அதே வேளையில் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. நீரிழிவு வாய்ப்பு கூடுகிறது. அறிக்கையை மட்டும் பார்த்தால் இவர் நல்ல ஆரோக்கியசாலி என்றே தோன்றும்.

மருந்துலகிலும் இதற்கு இணையான ஓர் அனுபவம் உண்டு. மிக அரிதான, கடுமையான பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய்க்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோமிடாபைட், கல்லீரலிலிருந்து கொழுப்புத் துகள்கள் புறப்படுவதையே தடுக்கிறது. எல்.டி.எல். வெகுவாக இறங்குகிறது, கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது. கல்லீரல் நஞ்சாதல் பற்றிய கடும் எச்சரிக்கையோடுதான் அந்த மருந்து விற்கப்படுகிறது.

ஆகவே இரத்தக் கொழுப்பின் அளவு என்பது, எடுத்த நேரத்தில் இரத்தத்தில் போய்க்கொண்டிருந்த கொழுப்பின் கணக்கு. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போய்த் தங்குகிறது என்பதை அந்த எண் சொல்லாது. நீரிழிவைத் தீர்மானிப்பதில் தங்குமிடத்துக்கே பங்கு அதிகம்.

பத்தாயம் சிறுத்தால்

உபரியாக உண்டதைச் சேமிக்க உடலுக்குச் சரியான இடம் தோலுக்கடியிலுள்ள கொழுப்புத் திசு. குறிப்பாகத் தொடையும் இடுப்புக்குக் கீழான பகுதியும். விளைந்த நெல்லுக்கு வீட்டுப் பத்தாயம் போல அது. பத்தாயம் பெரிதாக இருந்தால் அமோக விளைச்சலும் அடங்கும். சிறிதாக இருந்தால், சுமாரான விளைச்சலே திண்ணையிலும் கூடத்திலும் அடுப்படியிலும் வந்து குவியும். உடலில் அந்தத் திண்ணையும் கூடமும் கல்லீரல், கணையம், தசை, வயிற்று உள்ளுறுப்புகளின் இடுக்குகள். அங்கே சேர்ந்த கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது.

2017-இல் 1,88,577 பேரின் தரவுகளைக் கொண்டு ஓர் ஆய்வு, மூன்று குணங்களை ஒருசேரத் தரும் மரபணுப் பகுதிகளைத் தேடியது: இன்சுலின் அளவு கூடுதல், ட்ரைகிளிசரைடு கூடுதல், எச்.டி.எல். குறைவு. அப்படி 53 பகுதிகள் கிடைத்தன. அந்த மாறுபாடுகளை அதிகம் சுமப்பவர்களுக்கு நீரிழிவும் இதய நோயும் கூடுதல். கால்களில் கொழுப்போ குறைவு. தோலடிக் கொழுப்பே இல்லாமல் போகும் அரிய பரம்பரை நோய் ஒன்று உண்டு. அந்த நோயாளிகள் மெலிந்த கைகால்களோடு கடும் நீரிழிவுக்கு ஆளாவது மருத்துவ உலகம் முன்பே அறிந்ததுதான். அதே குறை, மிக மிதமான வடிவில், எண்ணற்ற சாதாரண மனிதரிடம் பரவிக் கிடக்கிறது என்பதே அந்த ஆய்வின் செய்தி.

கே.எல்.எஃப்.14 என்ற மரபணு இதில் தனிக்கவனம் பெறுவது. அதன் மாறுபாடு தாயிடமிருந்து வந்தால் மட்டுமே வேலை செய்யும். தந்தையிடமிருந்து வந்த பிரதி பேசாமல் இருக்கும். தாக்கம் பெண்களிடம் கூடுதல்: கொழுப்பு இடுப்புக்குக் கீழிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது, எச்.டி.எல். குறைகிறது, நீரிழிவு வாய்ப்பு ஏறுகிறது. எடை ஏறாமலே இவ்வளவும் நடக்கலாம்.

2024-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த மாபெரும் ஆய்வு 25 லட்சம் பேரின் தரவுகளிலிருந்து, நீரிழிவோடு தொடர்புள்ள 1,289 மரபணுச் சமிக்ஞைகளைக் கண்டெடுத்து எட்டுக் கொத்துகளாகப் பிரித்தது. சில கொத்துகள் பீட்டா செல்லின் சுரப்பைச் சார்ந்தவை; சில உடல் பருமனை; ஒன்று தோலடிச் சேமிப்பின் குறையை; மற்றொன்று கல்லீரலின் கொழுப்புக் கையாளுகையை. நாம் ஒரே பெயரிட்டு அழைக்கும் இந்த நோய்க்கு உள்ளே பல வழிகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் மட்டுமே இரத்தக் கொழுப்பு தடயம் விட்டுச் செல்கிறது.

தெற்காசிய உடல்

இந்தச் சேமிப்புக் கணக்கு தெற்காசியர்களை நேராகத் தொடுகிறது. 2004-இல் ‘லான்செட்’ இதழில் இரு மருத்துவர்களின் படம் ஒன்று வந்தது: புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. புனே அருகே பிறந்த சிசுக்களை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் சிசுக்களோடு யாஜ்னிக் குழு ஒப்பிட்டபோது, எடை வெகுவாகக் குறைந்திருந்தும் உடல் கொழுப்பு அந்த விகிதத்தில் குறையவில்லை, தசையே குறைந்திருந்தது. கர்ப்ப கால ஊட்டத்துக்கு இதில் பங்குண்டு என்பது அவர்களுடைய வாதம். எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் கட்டிவிட முடியாது.

மரபணுவின் பங்கும் இப்போது அளக்கப்படுகிறது. பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரை ஆராய்ந்த குழு 2024-இல் வெளியிட்ட கட்டுரை, இன்சுலின் சுரப்புக் குறைவுக்கும் தோலடிச் சேமிப்புக் குறைவுக்குமான மரபுச் சுமை அவர்களிடம் கூடுதல் என்றும், அந்தச் சுமை மிகுந்தவர்களுக்கு இளம் வயதிலேயே நீரிழிவு வருகிறது என்றும் சொன்னது. இந்தியாவில் 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், வயதுவந்தோரில் 81.2 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு கொழுப்புக் கோளாறு இருப்பதாகவும் மதிப்பிட்டது. ஐந்தில் நான்கு பேரிடம் இருக்கும் ஒரு குறியை வைத்து யாருக்கு நீரிழிவு வரும் என்று பிரித்தறிய முடியாது. இடுப்புச் சுற்றளவும் கல்லீரலின் நிலையும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கும்.

நோயாளிக்கு என்ன பயன்?

முதலில், எது செய்யக்கூடாது என்பது. ஸ்டாடின் நீரிழிவைக் கூட்டுகிறது என்று கேட்டதும் மாத்திரையைத் தூக்கியெறிவது தற்கொலைக்கு ஒப்பான அறிவீனம். எல்.டி.எல். இரத்தக்குழாயை அடைக்கிறது என்பதில் மரபணுச் சாட்சியமும் மருந்துச் சாட்சியமும் ஒரே குரலில் பேசுகின்றன. பி.சி.எஸ்.கே.9 மரபணுவில் செயலிழப்புத் திரிபு கொண்ட அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு இதய நோய் 88 விழுக்காடு குறைந்திருந்ததை 2006-இல் வந்த ஆய்வு காட்டியது. நீரிழிவு உள்ளவரின் பெரும் எதிரி மாரடைப்பு. ஏற்கெனவே நீரிழிவு வந்தவருக்கு ஸ்டாடினால் கிடைக்கும் நன்மை மிகப் பெரிது.

அடுத்தது, யார் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது. எச்.எம்.ஜி.சி.ஆர்., பி.சி.எஸ்.கே.9 மாறுபாடுகளை ஒப்பிட்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வில், நீரிழிவு கூடியது வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏற்கெனவே எல்லையைத் தொட்டிருந்தவர்களிடம் மட்டுமே. 2024-இல் வந்த ஸ்டாடின் சோதனைத் தொகுப்பும் கூடுதல் நோயாளிகளில் பெரும்பாலோர் எல்லைக்கோட்டின் அருகே நின்றவர்கள் என்றது. வீரியமான அளவில் தரும்போது தாக்கம் கூடுதல் என்பதையும் காட்டியது. ஸ்டாடின் தொடங்கும் முன் ஒருமுறையும், பின் சீரான இடைவெளியிலும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டால் போதும். வெளிச்சத்துக்கு வரும் சர்க்கரையைச் சமாளிக்கலாம். அடைத்த இரத்தக்குழாயைச் சமாளிப்பது எளிதன்று.

மரபணுச் சோதனைப் பெட்டிகள் இன்று தபாலில் வீட்டுக்கே வருகின்றன. மேலே சொன்ன மாறுபாடுகளில் பரவலானவை ஒவ்வொன்றும் தனியாளின் வாய்ப்பை ஒரு சில விழுக்காடே நகர்த்துபவை. அவை லட்சக்கணக்கானோரை ஒன்றுசேர்த்து நோயின் வழியைக் கண்டுபிடிக்கவும் புதிய மருந்தின் விளைவை முன்கூட்டி அறியவும் அருமையான கருவிகள். ஒருவரின் தலைவிதியைப் படிக்க அவை உதவா. குடும்பத்தில் நீரிழிவு உண்டா, இடுப்பு பெருத்திருக்கிறதா என்ற இரு கேள்விகள் செலவில்லாமலே இன்றைக்கு அதற்கு இணையான செய்தியைத் தருகின்றன.

பத்தாயத்தின் அளவை நம்மால் மாற்ற முடியாது; அதில் கொட்டுவதை மாற்ற முடியும். தட்டில் சோற்றைக் குறைப்பதும், தசையை வேலை வாங்குவதும், சில கிலோ எடை இறங்குவதும் முதலில் காலி செய்வது கல்லீரல் கொழுப்பைத்தான். அடுத்த முறை இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வரும்போது கொழுப்பு, சர்க்கரை இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள். ஒன்று இறங்கியதால் மற்றதும் இறங்கிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். இடுப்பை ஓர் அளவு நாடாவால் அளந்து, அந்த எண்ணையும் அறிக்கையின் ஓரத்தில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.